வாய்க்கு வரவேண்டிய நீர்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியம். என் சௌக்கியத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன்னுடையதைத்தான் உன் மகன் நேற்று போனில் சொன்னான். காலையில் வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கம் தானாக வழிந்ததாம். கண்ணாடியைப் பார்த்தால் முகத்தில் இடது பாதி இறங்கியிருந்ததாம். பக்கவாதமோ என்றுதான் முதலில் நினைத்தேன். கை கால் நன்றாக அசைகிறது, இடது நெற்றியைத்தான் சுருக்க முடியவில்லை என்று அவன் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. மூளையில் கோளாறு என்றால் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும். இது முகநரம்பு வீங்குவதால் வரும் முகவாதம். டாக்டரும் அதையே சொன்னாராம்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் செய்முறை காட்டி ஓய்வு பெற்றவன், அவ்வளவே. நான் சொல்வதில் தவறு இருக்கலாம். தெரிந்தவரை எழுதுகிறேன்.

முகநரம்பு பக்கத்துக்கு ஒன்று. காதுக்கு உட்புறம் எலும்பில் உள்ள குறுகலான குழாய் வழியாக வெளியே வருகிறது. வீங்கினால் அதற்கு அங்கே இடம் போதாது. சிரிக்க வைப்பதும் கண்ணை மூட வைப்பதும் அதன் வேலை. அதிகம் பேருக்குத் தெரியாத வேலை ஒன்றும் உண்டு. தாடைக்கு அடியிலும் நாக்குக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு ‘சுரக்கலாம்’ என்று உத்தரவு கொண்டுபோவது அதுதான். கண்ணீர்ச் சுரப்பிக்கும் அதிலிருந்தே ஒரு கிளை போகிறது. ஆகவே உனக்கு இடப்பக்கம் வாயும் வறளும், கண்ணும் வறளும். தூங்கும்போது கண்ணை மூடிப் பட்டை ஒட்டிக்கொள். மருந்துச் சொட்டை மறக்காதே. எதற்கும் டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டுக்கொள்.

பதில் எழுத முடியாவிட்டால் மகனை எழுதச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கையின் வணக்கம். முகத்தில் பாதி லீவில் போயிருக்கிறது. மீதிப் பாதி இரண்டு பேர் வேலையையும் பார்த்துக் களைத்துப் போகிறது. மற்றபடி சுகம்.

போனில் ஏன் பேசவில்லை என்று வருத்தப்படாதீர்கள். உதடு ஒட்டுவதில்லை. ‘பால்’ என்றால் காற்றுதான் வருகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ‘லைனில் இருங்க, இணைக்கிறேன்’ என்று மணி அடித்த மாதிரி சொன்ன வாய் இது. தவிர, போனில் பேசுவதை நடுவில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த ஒருத்தி நானாகத்தானே இருந்தேன்.

நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. ரொட்டித் துண்டு இடது கன்னத்துக்குப் போனால் அட்டை மாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. விரலை விட்டுத் தள்ள வேண்டும். மருமகள் எல்லாவற்றையும் கரைத்துக் கரைத்துக் கொடுக்கிறாள். தொண்டையில் இறங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறாள். நல்ல பெண், அண்ணா. கொஞ்சம் எதற்கும் பதறுவாள். நீங்களும் அப்படித்தானே. அதனால் எனக்குப் பழக்கம்.

உங்கள் முழங்கால் எப்படி? அந்தப் பக்க அறையில் ஈரம் அதிகம் என்றீர்களே, கட்டிலை மாற்றிப் போட்டார்களா?

தங்கை


ஆகஸ்ட் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். என் முகம் திரும்பி வந்துவிட்டது. சிரித்தால் லேசாகக் கோணுகிறது, அப்பாவுக்கும் அப்படித்தானே. ‘பால்’ பாலாகவே வருகிறது.

ஆனால் வேறொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் இடது கண்ணிலிருந்து நீர் கொட்டுகிறது. முதல் வாய் மென்றதும் ஆரம்பிக்கும். கை கழுவினால் நின்றுவிடும். மனசில் ஒரு வருத்தமும் கிடையாது, சத்தியமாக.

மருமகள் முதலில் காரம் அதிகமோ என்று நினைத்தாள். காரத்தைக் குறைத்தாள். பிறகு காரமே போடாமல் சமைத்தாள். அப்போதும் நிற்கவில்லை. ஒருநாள் தன் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். “நான் என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிடுங்க அத்தை. தினம் என் எதிர்ல உட்கார்ந்து அழுதா எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?” என்றாள். மகன் அவள்மேல் எரிந்து விழுந்தான். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன ஞாயிறு அவளுடைய அம்மா வந்திருந்தார். நான் துடைக்கத் துடைக்க, அவர் தன் மகளை ஒரு பார்வை பார்த்தார். ‘மாமியாரை என்னடி செய்தாய்’ என்று கேட்கிற பார்வை.

இப்போது சமையலறையில் தனியாகச் சாப்பிடுகிறேன். அது இன்னும் வினையாகிவிட்டது. எதிர் வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, லிஃப்டில் என் மகனிடம் ஏதோ கேட்டாராம். இந்த ஒற்றைக் கண் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிடும் போலிருக்கிறது. ஏதாவது எழுதுங்கள்.

தங்கை


ஆகஸ்ட் 24

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று பேரும் சேர்ந்து படியுங்கள். பழைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். கல்லூரியில் இப்போது வேலை பார்க்கும் ஒருவரிடமும் தயங்கித் தயங்கிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நசுங்கிய நரம்பின் இழைகள் மறுபடி வளரும். மிக மெதுவாக வளரும். வளரும் இழைக்கு வழி சொல்ல ஆளில்லை. அப்படி வளர்ந்ததில், உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய சில இழைகள் உனக்குக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. உன் பாஷையில் சொன்னால் ராங் கனெக்ஷன். மூளை வாயைக் கூப்பிடுகிறது. கண் எடுத்து ஹலோ சொல்கிறது. ருசியான பண்டம் நாக்கில் பட்டதும் வாயில் ஊற வேண்டியது உனக்குக் கண்ணிலும் ஊறுகிறது. இது அழுகையே அல்ல. யார்மேலும் குற்றம் இல்லை. மருமகளிடம் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நம்பிக்கை இல்லாவிட்டால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாப்பாட்டுக்கு முன் மூவரும் மேஜையில் உட்காருங்கள். ஒரு எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துக்கொள். பேசாதே, சிரிக்காதே. இடது கண்ணில் நீர் வரும். வலது கண் சும்மா இருக்கும். வலது நரம்பு தனி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. இடது நரம்பு மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போவதில்லை. வலது கண்ணும் நனைந்தால் நான் எழுதியது முழுவதும் தப்பு. கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

தொந்தரவு அதிகமானால் அதற்கு ஊசி இருப்பதாகவும் சொல்கிறார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

அண்ணன்


செப்டம்பர் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கு நூறு வயசு. எலுமிச்சைச் சோதனை நடந்தது. மகன் என் இடது கண்ணுக்கு நேராக உட்கார்ந்தான், மருமகள் வலது கண்ணுக்கு. துண்டை நாக்கில் வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மகன், “வந்துருச்சு, வந்துருச்சு” என்றான். மருமகள், “இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைங்க” என்றாள். பரீட்சையில் நான் பாஸ். மகன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே சாப்பிடும்போது உங்களுக்குக் கண்ணீர் வரலைன்னாதான் அத்தை நான் பயப்படணும். வாய் ஊறலைன்னு அர்த்தம்” என்றாள். உங்கள் கடிதத்தைக் காந்தம் வைத்துப் பிரிஜ் கதவில் மாட்டியிருக்கிறாள். அவள் அம்மா வந்தபோது முதல் வேலையாக அதைத்தான் படிக்க வைத்தாள்.

மறுபடி மேஜையில்தான் சாப்பிடுகிறேன். யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. பருப்பை இந்தப் பக்கம் தள்ளு என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டு முடிக்கிறோம்.

மகனின் கம்பெனியில் அவன் இருந்த பிரிவையே மூடிவிட்டார்கள். இரண்டு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். பால்கனியில் நின்று யார் யாரிடமோ போனில் பேசுகிறான். நான் துணி எடுக்கப் போனால் நிறுத்திவிடுகிறான். பெரிதாக ஒன்றும் இருக்காது. கைக்குட்டை ஒன்று போதாமல் இப்போது இரண்டு வைத்துக்கொள்கிறேன். வேறு விசேஷம் இல்லை. குளிர் வரப் போகிறது, காதை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கை


நவம்பர் 20

அன்புள்ள தங்கைக்கு,

உன்னிடமிருந்து முழுக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. சுகமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு கைக்குட்டை என்று நீ எழுதியது என்னை விடாமல் அரிக்கிறது. அக்டோபரில் அதைப் பற்றிக் கேட்டு எழுதினேன். அதற்கு உன்னிடமிருந்து ஒரு கார்டுதான் வந்தது. மழையைப் பற்றியும் என் முழங்காலைப் பற்றியும் இருந்தது. கேள்விக்குப் பதில் இல்லை. ஒருவேளை நான் தெளிவாகக் கேட்காமல் போயிருக்கலாம். அது என் வழக்கமான குறைதான். ஆகவே இந்தத் தடவை வேறு ஒன்றும் கேட்கவில்லை.

எந்தக் கண்?

அண்ணன்


டிசம்பர் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் மன்னியுங்கள். உங்கள் கடிதத்தை அத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். பதில் எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

ஒரு நல்ல சேதி. என் வீட்டுக்காரருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஜனவரிக் கடைசியில் கிளம்ப வேண்டும். என்னைக் கூட்டிப்போக அனுமதி உண்டு. பெற்றோருக்கு அந்த நாட்டில் அனுமதி இல்லை. எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கடைசியில் அத்தைக்கு ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறோம். சுத்தமான இடம். அறைக்கு இரண்டு பேர். நர்ஸ் எப்போதும் இருப்பார். சொல்வதற்கே எனக்கு வாய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவர்தான் சொன்னார். அத்தை கொஞ்சமும் யோசிக்காமல், “தாராளமா போயிட்டு வாங்கடா. எனக்கும் நாலு பேரோட பேச்சுத் துணையா இருக்கும்” என்றார். இரண்டு கண்ணிலும் பொலபொலவென்று கொட்டியது. நல்லவேளை, உங்கள் கடிதத்தால் அது நரம்புக் கோளாறு என்று எங்களுக்குத் தெரியும். இல்லாவிட்டால் பதறியிருப்போம். இப்போதெல்லாம் சாப்பிடாதபோதும் வருகிறது. நரம்பு இன்னும் வளர்கிறது போலிருக்கிறது.

இல்லத்துச் சாப்பாட்டில் ஏதாவது தவிர்க்க வேண்டுமா என்று எழுதினால் அவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.

உங்கள் மருமகள்


டிசம்பர் 18

அன்புள்ள தங்கைக்கு,

சுகமா என்று கேட்டு ஆரம்பிக்க வரவில்லை. நான் கேட்டதற்கு உன் மருமகள் பதில் எழுதிவிட்டாள். அவளுக்குத் தெரியாமலே எழுதிவிட்டாள்.

நேற்று என் மகளிடம் பேசப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். ‘உன் அத்தை’ என்று ஆரம்பித்தேன். “அத்தைக்கு என்னப்பா?” என்று நிமிர்ந்தாள். நான் படுக்கும் இடத்தை நீ பார்த்ததில்லை. வாஷிங் மெஷினுக்கும் பின்கதவுக்கும் நடுவில் கட்டில். மெஷின் ஓடும்போது எழுந்து ஹாலுக்குப் போய்விடுவேன். உனக்கு இன்னொரு கட்டிலை அங்கே எப்படிப் போடுவது என்று மனசுக்குள் அளந்து பார்த்துக்கொண்டே நின்றேன். “சுகமா இருக்காளாம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோழை என்று நீ சொல்லலாம். சொல்ல மாட்டாய், அதுதான் கஷ்டம்.

முகநரம்பு, காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடாகவே நுழைந்து போகிறது. ஆனால் அந்தச் சுரப்பி அதன் பேச்சைக் கேட்பதில்லை. அதற்கு உத்தரவு கொடுப்பது வேறு நரம்பு. மாணவர்கள் இதில் வருஷா வருஷம் தவறு செய்வார்கள். இந்த வீட்டுக்குள் நான் நடமாடுவதும் ஏறக்குறைய அப்படித்தான்.

என்னால் முடிந்தது ஒன்றுதான். உன் மகனுக்கு உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். ஒரு நரம்பால் இரண்டு கண்ணும் நனையாது என்று எழுதினால் அவனுக்குப் புரியும். அதற்கு முன் நீ ஒரு வார்த்தை எழுது.

அண்ணன்


ஜனவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

எழுதாதீர்கள். அவன் வேலையில்லாமல் பால்கனியில் நின்ற நாட்களை நான் பார்த்திருக்கிறேன். எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று சொன்னதும் சிலர் ஒன்றும் பேசாமல் லைனிலேயே நிற்பார்கள். அவன் அப்படி நின்றான். வேலைக்கான ஆர்டர் வந்த அன்றைக்குத்தான் மறுபடி முகம் முழுக்கச் சிரித்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இந்த வீட்டில் அழுவதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. எல்லோர் எதிரிலும், மேஜையிலேயே அழலாம். யாரும் தட்டைக் கீழே வைப்பதில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. இது எத்தனை வசதி என்று உங்களுக்குத் தெரியாது. கொடுத்ததை நீங்களே பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவன் கேட்டாலும் நரம்பு என்றே சொல்லுங்கள்.

தங்கை


ஜனவரி 13

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? போனில் கேட்கலாம்தான். ஆனால் அம்மா காதில் விழும். எனக்கும் இதை எழுத்தில் கேட்பதுதான் சுலபமாக இருக்கிறது.

நேற்று பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் சட்டைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு கண்ணும் வழிகிறது. வாயில் ஒன்றும் இல்லை. “என்னம்மா?” என்றேன். “நரம்புடா” என்றார். பிரிஜ் கதவில் உள்ள உங்கள் கடிதத்தைப் போய்ப் படித்தேன். வலது கண் நனையாது என்று எழுதியிருக்கிறீர்கள்.

மாமா, நேராகவே கேட்கிறேன். இது நரம்பா, இல்லையா? இல்லை என்று நீங்கள் எழுதினால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவேன். மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அவளும் சரி என்கிறாள். அம்மாவை நான் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். தெரியாததைத் தெரிந்ததாக நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன்.

உங்கள் மருமகன்


ஜனவரி 21

அன்பு மருமகனே,

நீயும் உன் மனைவியும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். நீ கேட்டதற்கு நேராகவே பதில்.

நரம்புதான். பிரிஜ்ஜில் இருக்கும் கடிதத்தில் நான் எழுதியது பழைய பாடம். அதற்குப் பிறகு படித்துப் பார்த்தேன். ஒரு பக்க நரம்பில் வந்த கோளாறு நாளடைவில் மறுபக்கக் கண்ணையும் நனைப்பது உண்டு. நூல்களில் இருக்கிறது. வாயில் ஒன்றும் இல்லாதபோதும் வரும். பெண்களுக்கு இந்த வயதில் சகஜம். இதனால் கெடுதல் எதுவும் இல்லை. டாக்டரிடம் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்கு இதில் துளியும் சந்தேகம் கிடையாது.

அந்தப் பழைய கடிதத்தை எடுத்துக் கிழித்துவிடு. டிக்கெட்டை ரத்து செய்யாதே. பிரயாணம் நல்லபடியாக அமையட்டும். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு முதலில் எழுது, பிறகு எனக்கு எழுதினால் போதும்.

மாமா


மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லத்திலிருந்து எழுதுகிறேன். நான் சுகம். அவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அங்கே ஒரே பனியாம். உங்கள் கடிதத்தை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். படித்து முடித்ததும் என் மடியில் கொஞ்ச நேரம் தலை வைத்துக்கொண்டான். உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அறையில் என்னோடு இருப்பவர் கணக்கு டீச்சராக இருந்தவர். வாய் கொஞ்சம் நீளம். என் குறட்டைக்கு மார்க் போடுகிறார். சாப்பாட்டுக் கூடத்தில் நீளமான மேஜை. வந்த புதிதில் நான் துடைத்துக்கொண்டே சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, சாப்பாடு அவ்வளவு மோசமாவா இருக்கு?” என்றார். இங்கே யாருக்கும் என் விஷயம் தெரியாது. நீங்கள் எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். காதருகே குறுகலான குழாய், நசுங்கிய நரம்பு, வாய்க்குப் போகவேண்டியது கண்ணுக்குப் போவது, ராங் கனெக்ஷன் எல்லாம் சொன்னேன். நீங்களே நின்று பாடம் நடத்துவது போல இருந்தது. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டார்.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். “எனக்கும் அந்த நரம்புதாங்க” என்றார். அவருக்கு முகவாதம் வந்ததே இல்லை, அண்ணா. தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்தினார். இருவரும் சாப்பிட்டோம்.

குளிர் குறைந்திருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

தங்கை